நான் சுமந்துபோன முதல் வரிகள்

போன மாதக் கூட்டத்தில் நூலக மாடியில் உட்கார்ந்து, அவரவருக்குப் பிடித்த புத்தகத்தின் முதல் வரியைச் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். ஒருவர் வரியைச் சொல்ல, இன்னொருவர் புத்தகத்தின் பெயரைச் சொல்ல, ஒரே சிரிப்பும் கைதட்டலுமாக இருந்தது. என் முறை வந்தபோது, தொண்டை சரியில்லை என்று கையைக் காட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டேன். நம்மில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். தொண்டை சரியில்லை என்றால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை மட்டும் படியிறங்கும்போது, "உங்களுக்கு எல்லாம் மனப்பாடமாச்சே, ஏன் சொல்லலை?" என்று கேட்டார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் எழுதி எடுத்து வந்திருக்கிறேன். பொறுமையாகக் கேளுங்கள்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கம்பத்துக்குப் பக்கத்தில், முல்லையாற்றுத் தண்ணீரில் இரண்டு போகம் விளைகிற ஊர் எங்களுடையது. மேற்கே மலை. மழைக்காலம் முடிந்ததும் மலையடிவாரத்திலிருந்து கொசுவும், கொசுவோடு முறைக்காய்ச்சலும் இறங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள், சொல்லி வைத்தாற்போல மத்தியானத்தில் குளிர் எடுக்கும். போர்த்த போர்வை போதாமல் சாக்கையும் எடுத்துப் போர்த்துவார்கள். அந்த வருஷம் அம்மாவுக்குக் காய்ச்சல் விடவே இல்லை.

அண்ணன் பட்டாளத்துக்குப் போயிருந்தான். கல்யாணமாகி முதல் பொங்கல்கூட வரவில்லை, அதற்குள் போய்விட்டான். கிழக்கே எங்கேயோ காட்டில் இருக்கிறான் என்பதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. கடிதம் வந்து வெகு நாளாகியிருந்தது. அப்பாவை நாங்கள் அய்யா என்போம். அய்யா தபால்காரரைப் பார்த்தால் எழுந்து நிற்பார். அவர் எங்கள் வாசலைக் கடந்து போனதும் மாட்டுக் கொட்டத்துக்குள் போய்விடுவார்.

அண்ணன் மனைவி, என் மதினி, மதுரையில் எட்டாவது வரை படித்தவள். பதினெட்டு வயது. அவள் கொண்டுவந்த தகரப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் புத்தகங்கள் இருந்தன. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைகளைக் கிழித்து வரிசையாக அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, அட்டை போட்டவை. கதையின் ஓரத்தில் கூந்தல் தைல விளம்பரமும் சோப்பு விளம்பரமும் இருக்கும். வந்த புதிதில் ஒருநாள் படித்துக்கொண்டே சோற்றை அடிப்பிடிக்க விட்டுவிட்டாள். அம்மா பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்து, ஏணி வைத்து ஏறி, பரணுக்கும் மேலே விட்டத்தில் போட்டுவிட்டாள். கரையான் தின்றது போக என்ன மிஞ்சியது என்று எனக்குத் தெரியாது. "இன்னொரு தடவை கையில பொஸ்தகத்தப் பாத்தேன், ஒங்க ஆத்தா வீட்டுக்கு வண்டி கட்டிருவேன்" என்று மட்டும் சொன்னாள்.

டாக்டர் உத்தமபாளையத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் ஆஸ்பத்திரி என்ற அந்த ஓட்டுக் கட்டடத்தில் கம்பவுண்டர் மட்டும் இருப்பார். ஒல்லியான ஆள், வெளியூர்க்காரர், பின்கட்டிலேயே தனியாகச் சமைத்துச் சாப்பிடுவார். அம்மாவுக்குக் காய்ச்சல் மிக்சர் வாங்க என்னைத்தான் அனுப்புவார்கள். கண்ணாடிப் பாட்டிலின் பக்கவாட்டில் ஒரு காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டியிருப்பார். ஒரு பல் ஒரு வேளை. மருந்து பாகற்காயை அரைத்து ஊற்றியது போலக் கசக்கும். அவர் அதைக் கலக்கும்போது கையெல்லாம் கார்பாலிக் வாடை வரும். எனக்கு அந்த வாடை பிடிக்கும்.

ஒருநாள் மேஜை மேல் அவர் கவிழ்த்து வைத்திருந்த பைண்டு புத்தகத்தை எட்டிப் பார்த்தேன். "படிக்கத் தெரியுமா?" என்றார். முதல் பக்கத்தைப் புரட்டி, சத்தமாகப் படித்தேன். 'ஜமீன்தாரின் குதிரை அன்று காலை தனியாகத் திரும்பி வந்தது.' வீட்டுக்கு வந்து, முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த மதினியிடம் அதைச் சொன்னேன். அவள் தலை நிமிராமல், "சேணத்தில் ரத்தம் இருந்ததா?" என்று கேட்டாள். இரண்டாவது வரி அதேதான். நான் திரும்ப ஓடிப் போய்க் கம்பவுண்டரிடம் சொன்னேன். அவர் அளவுக் குடுவையைக் கீழே வைத்துவிட்டார்.

"இது யாருக்குத் தெரியும் உங்க வீட்டில்?"

"எங்க மதினிக்கு. அவுகளுக்கு எல்லாக் கதையும் தெரியும்."

"அப்படியா? இதைக் கேட்டுப் பார்." அலமாரியிலிருந்து எதையும் எடுக்காமல், நினைவிலிருந்தே ஒரு வரி சொன்னார். 'கப்பல் கரையை விட்டு நகர்ந்தபோது அவள் காலில் ஒரு செருப்புதான் இருந்தது.'

இப்படித்தான் தொடங்கியது. அவர் ஒரு வரி கொடுத்தனுப்புவார். மதினி புத்தகம் எதுவென்று சொல்லி, பதிலுக்கு ஒரு வரி அனுப்புவாள். ஒரு வார்த்தை சிந்தக் கூடாது, முன்பின்னாகவும் மாறக் கூடாது. அதுதான் என் வேலை. ஆஸ்பத்திரியிலிருந்து வாய்க்கால் கரை வழியாக வீடு வரும்வரை வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வருவேன். மதினிக்குத் தெரியாத கதையாக இருந்தால், அடுத்த நாள் அந்தப் புத்தகம் என் துணிப்பையில் பாட்டிலுக்கு அடியில் வரும். நெல் கொட்டி வைக்கும் குதிர் இருந்த அறையில் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு உண்டு. அந்தச் சதுர வெளிச்சத்தில் மதினி உட்கார்ந்து படிப்பாள். வெயில் நகர நகர அவளும் நகர்ந்துகொண்டே போவாள். பக்கத்திலேயே நானும் நகர்வேன். பக்கத்தைத் திருப்புமுன், நான் முடித்துவிட்டேனா என்று என் முகத்தைப் பார்ப்பாள். என்னை அப்படி மதித்துக் காத்திருந்தவர்கள் அதுவரை யாருமில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் புத்தகம் குதிருக்குப் பின்னால் போய்விடும். நாங்கள் இருவரும் தவிட்டை அள்ளிக்கொண்டிருப்போம்.

"நாம மூணு பேருந்தான் இந்த ஊருல மனுசங்க. மத்ததெல்லாம் மாடு" என்று மதினி ஒருநாள் சொன்னாள். அன்று இரவு எனக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

மூன்று பேர் என்றுதான் நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் கிடைத்த ஒரு கதைப் புத்தகத்திலிருந்து நானாக ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து இரண்டு பேரிடமும் சொன்னேன். 'அந்த வீட்டில் ஒரு கதவை மட்டும் யாரும் திறப்பதில்லை.' மதினி, "நல்லாருக்கே" என்றாள். கம்பவுண்டர், "ரொம்ப நல்லா இருக்கு" என்றார், மருந்தைக் கலக்கிக்கொண்டே, "மதினி என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். இரண்டு பேருமே எந்தப் புத்தகம் என்று கேட்கவில்லை. அன்றைக்கு அது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

மாசி கடந்து வெயில் ஏறியபோது வரிகளின் சாயல் மாறியது. குதிரையும் கப்பலும் போய்விட்டன. 'நீ தூங்கவில்லை என்பது அந்த விளக்குக்குத் தெரியும்' என்று ஒன்று வந்தது. மதினி அதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் அம்மியைக் கழுவிக்கொண்டே இருந்தாள். பிறகு, 'இந்த வீட்டுச் சுவருக்கு என் மூச்சுக்கூடக் கேட்கிறது' என்று ஒரு வரி கொடுத்தாள். எந்தப் புத்தகம் என்று கேட்டேன்.

"நீ பெரியவளானப்புறம் தாரேன்."

"இப்பவே படிக்கத் தெரியுமே எனக்கு."

"இது அப்பிடிப் படிக்கிற பொஸ்தகம் இல்ல புள்ள."

பெரியவர்களுக்கான புத்தகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாளைச் சொல்கிறேன். காலையில் பையிலிருந்த கடைசிப் புத்தகத்தைக் கம்பவுண்டரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் புதிதாக எதுவும் தரவில்லை. முகம் சவரம் செய்யாமல் இருந்தது. மிக்சர் பாட்டிலை என் கையில் வைத்து, அதன் மேல் தன் கையையும் வைத்துக்கொண்டு சொன்னார்: "இது ரொம்ப முக்கியமான கதை. ஒரு வார்த்தை மாறக் கூடாது. 'வெள்ளிக்கிழமை விடியுமுன் ஆற்றுப் பாலத்தருகே வண்டி நிற்கும். வருகிறவள் வெறுங்கையோடு வந்தால் போதும்.' சொல்லு பார்க்கலாம்."

சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வைத்தார்.

வாய்க்கால் கரையில் வழக்கம்போலச் சொல்லிக்கொண்டே வந்தேன். எதிரே புல்லுக்கட்டோடு பெரியம்மா வந்ததை நான் பார்க்கவில்லை. அய்யாவுக்கு மூத்தவரின் மனைவி. அவர் இறந்தபின் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் தனியாக இருந்தாள்.

"என்ன புள்ள சொல்ற? எந்தப் பாலத்துல வண்டி நிக்கிது?"

"கதை பெரியம்மா."

"யாரு சொன்ன கதை?"

"கம்பவுண்டரு சொன்னாக."

புல்லுக்கட்டு கீழே விழுந்தது. பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் மருந்துப் பாட்டில் கைநழுவிக் கரைக்கல்லில் உடைந்தது. கசப்பு வாடை காலெல்லாம் தெறிக்க என்னை இழுத்துக்கொண்டு வந்தாள்.

முற்றத்தில் அய்யா வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா சாக்குப் போர்வைக்குள் கிடந்தாள். மதினி உரலில் கம்பு குத்திக்கொண்டிருந்தாள். பெரியம்மா எல்லோரும் கேட்கும்படி சொன்னாள்:

"கேட்டுக்கங்க. வெள்ளிக்கெழம விடியங்காட்டி பாலத்துக்கிட்ட வண்டி நிக்குமாம். வெறுங்கையோட வந்தாப் போதுமாம். அந்தக் கம்பவுண்டன் ஒங்க மகளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கான்."

உலக்கை ஒரு தடவை உரலின் விளிம்பில் இடித்தது. அவ்வளவுதான். பிறகு முன்போலவே சீராக விழுந்தது. கொண்டுவர வேண்டிய வரியை நான் கொண்டுவந்து சேர்க்கவில்லை. பெரியம்மாவின் வாயிலிருந்து, அய்யாவுக்கும் அம்மாவுக்கும் முன்னால்தான் மதினி அதைக் கேட்டாள். இது எனக்குப் புரிய எத்தனையோ வருஷம் ஆயிற்று.

"அது கதை அய்யா! பொஸ்தகத்தோட மொத வரி! மதினிகிட்ட கேளுங்க. நாங்க மூணு பேரும் வெளாடுவோம்" என்று அழுதேன்.

அய்யா மதினியைப் பார்த்தார். அவள் உலக்கையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மாமா."

"மதினி, குதிருக்குப் பின்னால வச்சுப் படிப்போமே!"

அம்மா காய்ச்சலோடு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே குதிர் அறைக்குள் போனாள். தவிட்டுக் கூடையைத் தள்ளும் சத்தம் கேட்டது. வெறுங்கையோடு திரும்பி வந்தாள். அங்கே இருந்த ஒரே புத்தகத்தைக் காலையில் நானே திருப்பிக் கொடுத்திருந்தேனே.

அப்போதுதான் மதினி அதைச் சொன்னாள். யாரும் கேட்காமலே சொன்னாள்.

"இவ தெனமும் மருந்து வாங்கப் போனா அங்கனயே ஒக்காந்துக்கிருவா அத்தை. நானும் சொல்லிப் பாத்தேன். கேக்க மாட்டேங்கிறா."

தெரியாது என்று அவள் சொன்னதை என்னால் தாங்க முடிந்திருக்கும். அம்மா கொடுத்திருந்த எச்சரிக்கை எனக்கும் தெரியும். ஆனால் இது தப்பித்துக்கொள்ளச் சொன்ன வார்த்தை இல்லை. என் தலையில் ஏற்றி வைத்த வார்த்தை. வண்டி எனக்காகத்தான் நிற்க இருந்தது என்று மீதிக் கதையை வீட்டார் தாங்களே சொல்லிக்கொண்டார்கள். அம்மா என்னை அடித்தாள். குளிர்க் காய்ச்சலில் நடுங்கிய கை, அடி சரியாகக்கூட விழவில்லை. நான் அடியைக் கவனிக்கவில்லை. மதினி மறுபடி உலக்கையை எடுக்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்தாள்.

சாயங்காலம் சித்தப்பாவும் நான்கைந்து ஆட்களும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பாட்டில்களையெல்லாம் வாசலில் போட்டு உடைத்தார்கள். கம்பவுண்டரின் உதடு கிழிந்தது. சித்தப்பா திரும்பி வந்து அய்யாவிடம் சொன்னதை நான் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

"ஒத்துக்கிட்டான் அண்ணே. அந்தப் புள்ளகிட்ட கதை சொல்லுறது உண்டு, தப்புத்தேன், மன்னிச்சிருங்கன்னு கையெடுத்துக் கும்புட்டான். வேற ஒரு வார்த்த பேசல."

மறுநாள் காலை, பெட்ரோல் கிடைக்காத அந்தக் காலத்தில் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் அவரை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஊரில் மருந்து கொடுக்க ஆளில்லாமல் போனது. அந்தக் கோடையில் அடுத்த தெருவில் இரண்டு குழந்தைகள் காய்ச்சலில் செத்தார்கள். அதை யாரும் இந்த விஷயத்தோடு சேர்த்துப் பேசவில்லை.

அவர் அன்று பேசாமல் இருந்தது மதினியைக் காப்பாற்ற. மதினி பேசியது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. புருஷன் பட்டாளத்தில் இருக்கும்போது இன்னொருவனிடமிருந்து வரி வாங்கினாள் என்று தெரிந்தால் அவளை என்ன செய்திருப்பார்கள் என்று இன்று எனக்குத் தெரிகிறது. அதெல்லாம் தெரிகிறது. தெரிந்து என்ன? இரண்டு பெரிய மனிதர்கள் சேர்ந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தங்களுக்கு நடுவில் தடுப்பாக நிறுத்திவிட்டார்கள்.

என் பள்ளிக்கூடம் அன்றோடு நின்றது. தெருவில் என் கூட்டாளிப் பெண்கள் என்னைப் பார்த்தால் அவர்களுடைய அம்மாக்கள் உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். 'கம்பவுண்டர்கிட்ட கதை கேட்டவ' என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. மதினி என்னோடு வழக்கம்போலவே பேசினாள். தலை வாரிவிட்டாள், எண்ணெய் தேய்த்துவிட்டாள். அந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேசவில்லை. நான் ஆளாகி வருஷம் திரும்புவதற்குள் ஆண்டிபட்டிப் பக்கம் மானாவாரிக் காட்டுக்காரர் ஒருவருக்கு என்னைக் கொடுத்தார்கள். முதல் மனைவியை இழந்தவர். உள்ளூரில் எனக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று அம்மாவே சொன்னாள். கல்யாணத்தன்று காலையில் மதினிதான் எனக்குச் சடை பின்னினாள்.

"ஏன் மதினி அப்பிடிச் சொன்னீக?"

சடையை இழுத்து இறுக்கினாள். "தலைய ஆட்டாத. பூ நிக்காது."

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. கல்யாணமான முதல் வாரத்தில், சோற்றில் கை வைத்தபடி, "அந்தக் கம்பவுண்டர் சமாச்சாரம் நெசமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டார். ஆனால் மளிகை கட்டி வந்த காகிதத்தைப் பிரித்து நான் எழுத்துக்கூட்டும்போதெல்லாம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். கொஞ்ச நாளில் காகிதத்தைப் படிக்காமலே அடுப்பில் போடப் பழகிக்கொண்டேன். அவர் காலமாகி, மகனோடு தேனிக்கு வந்த பிறகுதான் இந்த நூலகத்துக்குள் காலடி வைத்தேன். வந்த புதிதில் நான் ஒரு புத்தகத்தையும் படிக்கவில்லை. பழைய நாவல்களை ஒவ்வொன்றாக எடுத்து முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். பாலத்தருகே வண்டி நிற்கும் அந்தக் கதை கிடைத்தால், அதைக் கொண்டுபோய் யாரிடமாவது காட்ட வேண்டும் என்று இருந்தது. காட்ட வேண்டிய அய்யாவும் அம்மாவும் அப்போது உயிரோடு இல்லை.

அண்ணன் சண்டை முடிந்து திரும்பி வந்தான், பிள்ளைகள் பிறந்தார்கள், மதினி ஊரில் நல்லது கெட்டதுக்கு முதலில் கூப்பிடுகிற பெரிய மனுஷி ஆனாள். அண்ணன் காலமான பிறகு, சில வருஷங்களுக்கு முன், கண் ஆபரேஷனுக்காகத் தேனிக்கு வந்தாள். ஆஸ்பத்திரி எங்கள் வீட்டுக்குப் பக்கம். கட்டுப் பிரிக்கும்வரை என்னிடம்தான் இருந்தாள். சொட்டு மருந்து விடுவதும் கைபிடித்துக் கூட்டிப் போவதும் நான்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை வருத்தப்பட்டாலும் போதும் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். வரவில்லை. கட்டுப் பிரித்த மத்தியானம் நானே கேட்டேன்.

"அந்த வெள்ளிக்கெழம வண்டி, அது எந்தப் பொஸ்தகம் மதினி?"

பச்சைக் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். எந்த வண்டி என்று அவள் கேட்கவில்லை.

"பொஸ்தகமா? நீ இன்னமுமா அதப் பொஸ்தகம்னு நெனச்சுக்கிட்டிருக்க? கடேசில வந்ததெல்லாம் அவரா சொன்னது. நானா சொன்னது."

எனக்குள் ஒரு மூலையில் அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். இருந்தாலும் காதால் கேட்டபோது கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"வண்டி வந்திருந்தா போயிருப்பீகளா?"

"போயிருப்பேன்" என்றாள் உடனே. பிறகு அவள் குரல் உடைந்தது. "நீ மட்டும் ஊரு கேக்கக் கத்தாம, வாயப் பொத்திக்கிட்டு வந்திருந்தா போயிருப்பேன். ஒரு வார்த்தைய மனசுக்குள்ள வச்சுக் கொண்டார முடியலையே ஒனக்கு. என் பொழப்பே ஒன்னாலதான் போச்சு."

என்னிடம் அவர்கள் சொன்னது ஒரு வார்த்தை மாறக் கூடாது என்றுதான். யாரும் கேட்கக் கூடாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் கண்ணில் தண்ணீர் வரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எழுந்து போய்ப் பஞ்சை எடுத்து வந்து துடைத்துவிட்டேன். ஒரு மன்னிப்புக்காக இத்தனை காலம் நான் காத்திருந்தேன். நான் மன்னிப்புக் கேட்பேன் என்று அவளும் அவ்வளவு காலம் காத்திருந்திருக்கிறாள்.

மறுநாள் அவள் மகன் காரோடு வந்தான். படியிறங்க நான் கைகொடுத்தேன். மகன் பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் போனதும், மதினி என் பக்கம் சாய்ந்து, "ஒன்னைய நான் எப்பவோ மன்னிச்சிட்டேன் ஆத்தா. சின்னப் புள்ளதான நீ" என்றாள்.

அந்தக் கையை உதறிவிட வேண்டும் போல இருந்தது. ஆனால் படி உயரம், அவளுக்குக் கால் நிதானமில்லை, கண்ணும் சரியாகத் தெரியாது. காரின் கதவு வரைக்கும் பிடித்துக் கொண்டுபோய், தலை இடிக்காமல் குனிய வைத்து, உட்கார வைத்துவிட்டு வந்தேன்.